ஒரு வாரம் என்று சொன்னேன்

நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் ஆண்டறிக்கை தயாரிப்பதற்கென்று ஒரு சின்னப் பிரிவு இருந்தது. செக்‌ஷன் ஆபீசர், நான், இன்னொரு உதவியாளர், கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிற ஒரு பெண், அவ்வளவுதான். வருடத்தில் பாதி நாள் எங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நிதியாண்டு முடியப் போகிறது என்றதும் எங்கள் மேஜைகளில் காகிதம் குவிய ஆரம்பிக்கும். எந்தத் துறையில் யார் முனைவர் பட்டம் வாங்கினார், யார் வெளிநாடு போய்க் கட்டுரை வாசித்தார், எந்தக் கல்லூரி கைப்பந்தில் ஜெயித்தது என்று எல்லாவற்றையும் எழுதி வாங்க வேண்டும். ஒரு பேராசிரியர் தன் ஊர் வாசகசாலையில் பேசியதைக்கூடச் சாதனை என்று அனுப்புவார். இன்னொருவர் உண்மையிலேயே பெரிய ஆராய்ச்சி செய்திருப்பார். அவரிடமிருந்து ஒரு வரி வாங்க அவருடைய அறை வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அறிக்கையின் பின்பாதி கணக்கு. அது நிதிப் பிரிவிலிருந்து வரும். அரசு மானியம், தேர்வுக் கட்டணம், சம்பளம், பென்ஷன். அந்த வருடங்களில் பணம் ரொம்ப இறுக்கமாக இருந்தது. பென்ஷன்காரர்கள் மாதத் தொடக்கத்தில் வராந்தாவில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எரிந்துபோன ஒரு டியூப் லைட்டை மாற்றுவதற்குள் எங்களுக்கு இருட்டில் எழுதப் பழகிவிடும். முன்பாதியைப் படித்தால் நாடே பெருமைப்பட வேண்டிய இடம் என்று தோன்றும். பின்பாதியைப் படித்தால் அடுத்த மாதம் கதவை மூடிவிடுவார்கள் என்று தோன்றும். இரண்டையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவருவது எங்கள் வேலை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நகரத்துக்கு வெளியே எங்களுக்குப் பெரிய வளாகம் ஒன்று உண்டு. அங்கே மாணவிகளுக்குப் புது விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். டெல்லியிலிருந்து வந்த தனி மானியத்தில் கட்டுகிற கட்டிடம். நிதியாண்டு முடிவதற்குள் அதில் ஆட்கள் குடியேறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தவணை வராது. போதாததற்கு அந்த வருடம்தான் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வந்து பல்கலைக்கழகத்துக்குத் தரம் போடுவதாக இருந்தது. தரம் நன்றாக இருந்தால் மேலும் மானியம் வரும். அதனால் எங்கள் பிரிவையும் தற்காலிகமாக வளாகத்துக்கே மாற்றினார்கள். விடுதி வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று மாதாமாதம் டெல்லிக்கு எழுதுவதும் என் பொறுப்பில் வந்தது.

நான் பிறந்து வளர்ந்தது அதே மலையாள நகரத்தில், வலியசாலை அக்ரஹாரத்தில். வீட்டுக்குள் தமிழ், தெருவைத் தாண்டினால் மலையாளம். பள்ளிக்கூடம், கல்லூரி, ஆபீஸ் எல்லாமே மலையாளத்தில்தான். என் மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்காமல் பார்த்துக்கொள்வதில் எனக்கு அக்கறை உண்டு. காரணம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அங்கே தமிழ் பேசுகிறவர் என்றால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டிட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். 'பாண்டி' என்று ஒரே சொல்லில் அவர்களை ஒதுக்கிவிடுவார்கள். அந்தச் சொல் தங்கள் மேல் படாமல் எங்கள் தெருக்காரர்கள் நகர்ந்து நிற்பார்கள். நானும் அப்படித்தான் நின்றேன்.

வளாகத்துக்குப் போக ஆரம்பித்த புதிதில் ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். ஒரு பெண் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். தலைமுடியில் சிமெண்ட் தூசு போகாமல் ஒட்டியிருந்தது. முகத்தை மட்டும் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள்.

"கோட்டைக்குப் போற பஸ்ஸு இங்கன நிக்குமாக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

நிற்கும் என்று மலையாளத்தில் பதில் சொன்னேன். அவள் தமிழில்தான் கேட்டாள், அது எனக்கு நன்றாகப் புரிந்தது. இருந்தும் மலையாளத்தில் சொன்னேன். அவளுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. மகளைப் பார்த்தாள். மகளுக்கும் விளங்கவில்லை. பஸ் வந்தபோது இருவரும் ஏறாமல் நின்றதைப் பார்த்து, "இதுதான், ஏறுங்க" என்றேன்.

"நீங்க தமிழா? நல்லதாப் போச்சு," என்று சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மகளுக்குக் காய்ச்சல் வந்து சரியாகியிருக்கிறது, கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். புருஷன் கொத்தனார், இவள் சித்தாள். விடுதிக் கட்டிடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நாலைந்து குடும்பங்கள் இருக்கிறார்கள். அவள் சொல்லிக்கொண்டே வர, மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடை போர்டுகளைக் காட்டி என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். "அதுல என்ன எழுதியிருக்கு? இதுல?" ஊரில் ஒன்றாம் வகுப்பு முடித்து இரண்டாம் வகுப்பில் கொஞ்ச நாள் போயிருக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டுவாள். மலையாள எழுத்து எல்லாம் வட்டம் வட்டமாக இருக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை என்றாள். எட்டு வயது இருக்கும்.

"இங்க பள்ளிக்கூடத்துல சேப்பாங்களா டீச்சரம்மா?" என்று அம்மா கேட்டாள். பல்கலைக்கழகத்தில் வேலை என்றதும் என்னை டீச்சர் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். நான் திருத்தவில்லை.

வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளி இருந்தது. பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்த பள்ளி. சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் இங்கிலீஷ் பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பிள்ளை கூடுதலாகக் கிடைப்பதில் தலைமையாசிரியைக்குச் சந்தோஷம். இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தார். மற்றப் பிள்ளைகளைவிட இவள் ஒரு தலை உயரம்.

இது நான் செய்த நல்ல காரியம். பெரிய காரியம் என்றுகூட அப்போது நினைத்தேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன், ஆபீசில் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தச் சிறுமி அம்மாவோடு சாயங்காலங்களில் பஸ் ஸ்டாப்புக்கு வருவாள். எதிரே இருந்த கடைகளின் போர்டுகளை எனக்குப் படித்துக் காட்டுவாள். முதலில் எழுத்து எழுத்தாக. கிறிஸ்துமஸ் லீவு வந்தபோது கடகடவென்று படித்தாள். என்னோடு மலையாளத்தில் பேசுவாள், அம்மாவோடு தமிழில். அம்மாவுக்குப் பெருமை தாங்காது. "என்னத்தச் சொல்லுதான்னே எனக்கு வெளங்கல டீச்சரம்மா," என்பாள், அதுவே ஒரு பட்டம் போல.

மதிப்பீட்டுக் குழு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு செக்‌ஷன் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மோசமான பெண்மணி அல்ல. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லீவு கேட்பதற்கு முன்பே "போ" என்று அனுப்பியவர்.

"விடுதிக்குப் பின்னால் அந்த ஷெட்டுகள் இருக்கிறதே," என்று மலையாளத்தில் ஆரம்பித்தார். "குழு விடுதியைப் பார்க்க வரும். ஜன்னலைத் திறந்தால் அடுப்புப் புகையும் உலர்த்தின துணியும்தான் தெரிகிறது. மேலே இருந்து என்னைக் கேட்கிறார்கள்."

"காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்ள மாட்டாரா மேடம்?"

"அவர் சொல்லிப் பார்த்துவிட்டார். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, போக மாட்டோம் என்று ஒரு குடும்பம் சொல்கிறதாம். அதைப் பார்த்து மற்றவர்களும் நிற்கிறார்கள். உனக்குத் தமிழ் தெரியும். உன்னை அவர்களுக்குப் பழக்கம். ஒரு வாரம்தான். லாரி வைத்து வேறொரு சைட்டுக்குக் கூட்டிப் போவார், குழு போனதும் திரும்பி வந்துவிடலாம். நீ சொன்னால் கேட்பார்கள்."

அவரே தொடர்ந்தார். "எத்தனை பெண்கள் இடம் கிடைக்காமல் படிப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். அந்த விண்ணப்பமெல்லாம் நீதானே அடுக்கி வைத்தாய்? இந்தப் பணம் நின்றுபோனால் அடுத்த விடுதி வராது."

அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும். கொத்து வேலை முடிந்துவிட்டது, இனி பெயிண்டும் மின்சார வேலையும்தான் பாக்கி என்று டெல்லிக்குப் போன மாத அறிக்கையை அடித்துக் கொடுத்ததே நான்தான். கொத்து வேலை முடிந்த இடத்துக்குக் கொத்தனாரை எந்தக் காண்ட்ராக்டர் திரும்பக் கூட்டி வருவார்? யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசனை வந்தது. அதை அங்கேயே நிறுத்திவிட்டு, "சரி மேடம்," என்றேன்.

அன்று சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். அதற்கு முன்பு ஒரு தடவைகூட நான் அங்கே போனதில்லை. எப்போதும் அவர்கள்தான் என்னைத் தேடி பஸ் ஸ்டாப்புக்கு வருவார்கள். அந்த அம்மா கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கொத்தனார் தலையில் தொப்பி போலக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். மகள் கொட்டகைக்குள் உட்கார்ந்து எதையோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வார்ஷிகத்துக்குப் பாட்டுச் சொல்லப் போறாளாம்," என்றார் கொத்தனார். அங்கே பள்ளி ஆண்டு விழாவுக்கு வார்ஷிகம் என்று பெயர். "தமிழ்ப் பிள்ளையா இருந்தும் இவதான் நல்லாச் சொல்லுதான்னு டீச்சர் மேடையில ஏத்துதாங்க."

நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வாரம்தான் என்றேன். பெரியவர்கள் டெல்லியிலிருந்து வருகிறார்கள், அவர்கள் போனதும் இங்கேயே வந்துவிடலாம் என்றேன்.

"காண்ட்ராக்டரும் அதத்தாஞ் சொன்னாரு," என்றார் அவர். "அவரு வாக்க நம்ப முடியாது. போனா போனதுதான்."

"ஆபீஸ்ல என்கிட்டயே சொல்லியிருக்காங்க. பள்ளிக்கூடத்துல நான் சொல்லிக்கறேன், ஒரு வாரம் லீவு போட்டாப் போறும்."

அவள் புருஷனைப் பார்த்தாள். "டீச்சரம்மா சொல்லுதாங்கல்லா. பிள்ளையச் சேத்துவிட்டதே அவுகதானே. அவுகளுக்குத் தெரியாதா?"

"அப்பஞ் சரி," என்றார் கொத்தனார்.

இரண்டு நாளில் லாரி வந்தது. நான் ஆபீசில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. கொட்டகை இருந்த இடத்தைச் சமப்படுத்திப் புல் பதித்தார்கள். குழு வந்தது. விடுதியின் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். குழுவில் இருந்த ஒரு அம்மாள், "எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்," என்று இங்கிலீஷில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல தரம் கிடைத்தது. அன்று எங்கள் பிரிவில் எல்லாருக்கும் சாயாவும் பழம்பொரியும் வந்தன.

ஒரு வாரம் ஆயிற்று. பிறகு இன்னொரு வாரம். புல் வேர் பிடித்துப் பச்சையாக நின்றது. நான் பஸ் ஸ்டாப்பில் கடைகளைப் பார்க்காமல் நிற்கப் பழகிக்கொண்டேன். செக்‌ஷன் ஆபீசரிடம் ஒரு தடவை கேட்டேன். "நான் காண்ட்ராக்டரிடம் பேசினேன். இங்கே இனி வேலை இல்லை என்கிறார். நான் என்ன செய்யட்டும்?" என்றார். அவர் முகமும் சரியாக இல்லை. அவரும் நம்பித்தான் சொல்லியிருப்பார். என்னளவுக்கு அவருக்குக் கட்டிட விவரம் தெரியாது.

பள்ளித் தலைமையாசிரியையை ஒரு நாள் வழியில் பார்த்தேன். பார்க்காதது போலப் போய்விட முடியவில்லை. "உங்கள் தமிழ்க்குட்டி வரவே இல்லையே," என்றார். "வார்ஷிகத்தில் அவள் பாட்டை வேறு பிள்ளையை வைத்துச் சொல்ல வைத்தோம். பரீட்சை வருகிறது. எங்கே போனாள்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். காண்ட்ராக்டரின் ஆபீசில் கேட்டு இடம் தெரிந்துகொண்டேன். கொல்லம் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். போகும்போது சாலைக் கடைத்தெருவில் ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை. வெறுங்கையோடு போக முடியவில்லை.

சித்தாள்கள் வரிசையாக நின்று ஜல்லி கடத்திக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்ததும் சட்டியை இறக்கிவிட்டு ஓடி வந்தாள். "இம்புட்டுத் தூரம் வந்தீயளா டீச்சரம்மா?" என்று என் கையைப் பிடிக்கப் போய், தன் கையில் இருந்த சிமெண்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று அவள் கேட்பாள், கேட்டால் இன்ன பதில் சொல்ல வேண்டும் என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. எனக்கு உட்கார ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாள்.

மகள் இன்னொரு சித்தாளின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு வந்திருந்தது. பக்கத்தில் பள்ளி இல்லை, இருக்கிற பள்ளிக்கு மெயின் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். பிறகு மலையாளத்தில் கேட்டாள்.

"டீச்சரே, வார்ஷிகம் கழிஞ்சோ?"

முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? "கழிஞ்சு," என்றேன்.

"என்றெ பாட்டு ஆரு பாடி?"

உயரமான ஒரு பையன் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். யார் என்று எனக்குத் தெரியாது. அவள் யோசித்துப் பார்த்து, அவனுக்கு நடுவில் ஒரு அடி எப்போதும் மறந்துபோகும் என்றாள். குழந்தை அழுதது. ஆட்டிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டாள்.

கிளம்பும்போது அம்மா ரோடு வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கிடப்பிடாது. பிள்ள படிப்புல ஆசையா இருக்கா. உங்க வீட்டுல ஒரு மூலையில கெடந்துக்கிடுவா. வீட்டு வேலை என்ன சொன்னாலும் செய்வா. அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போயிட்டு வந்துருவா. இவுக அப்பாவும் சரின்னுட்டாரு. செலவுக்கு நாங்க குடுத்துருவோம்."

எங்கள் தெரு கண்முன் வந்தது. கோயில், வாசலில் கோலம் போடும் பெண்கள், எங்கள் வீட்டுச் சமையலறை, மடிப் புடவையோடு அடுப்படியில் நிற்கிற அம்மா.

"வீட்ல அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்," என்றேன்.

"கேட்டுச் சொல்லுங்க. இங்கனதான் இருப்போம். மழை தொடங்குததுக்கு முன்ன தெரிஞ்சாப் போதும்."

பஸ் நகர்ந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள்.

அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அன்று ராத்திரி அம்மா பிரதோஷத்துக்காகப் பட்டினி இருந்து களைத்திருந்தாள். அடுத்த நாள் கேட்கலாம் என்றிருந்தேன். அடுத்த நாள் ஆண்டறிக்கை வேலை தொடங்கிவிட்டது. துறைகளிலிருந்து காகிதங்கள் வர ஆரம்பித்தன. அப்புறம் கேட்கலாம், ஆனால் எப்படியும் அம்மா மாட்டேன் என்றுதான் சொல்வாள், சொன்னால் அவளோடு சண்டை வரும், அப்பா போன பிறகு எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கிற கொஞ்சம் நிம்மதியும் போகும் என்று எனக்குள்ளேயே இரண்டு பக்கமும் பேசிக்கொண்டேன். கடைசியில் அம்மாவே மாட்டேன் என்று சொல்லிவிட்டது போல எனக்கு ஆகிவிட்டது. அவள் மேல் கோபம்கூட வந்தது.

விடுதியைப் பற்றிய பத்தியை நான்தான் எழுதினேன். குறித்த காலத்துக்கு முன்பே கட்டிடம் முடிந்தது, மானியம் முழுவதும் உரிய முறையில் செலவானது, தொலைதூர மாவட்டங்களின் மாணவிகளுக்குக் கல்வியின் கதவு திறந்தது என்று எழுதினேன். கடைசி வரியைச் செக்‌ஷன் ஆபீசர் மிகவும் ரசித்தார். அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என்ன சொல்லி மாற்றுவது?

படத்துக்குக் கீழே போட விவரம் வேண்டும் என்று விடுதிக்குப் போனேன். மாணவிகள் குடியேறியிருந்தார்கள். வயநாட்டு மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்த பெண் எனக்குத் தன் அறையைச் சுற்றிக் காட்டினாள். முந்தின வருடம் சொந்தக்காரர் வீட்டு வராந்தாவில் படுத்துக்கொண்டு படித்தாளாம். இப்போது ஒரு மேஜை, ஒரு கட்டில், பூட்டு போட்டுக்கொள்ள ஒரு அலமாரி. அலமாரியைத் திறந்து திறந்து மூடிக் காட்டினாள். அவளுக்காக என்னால் சந்தோஷப்பட முடிந்தது. அந்தச் சந்தோஷம் உண்மையானது. அவள் ஜன்னலைத் திறந்து, காற்று நன்றாக வருகிறது, வந்து பாருங்கள் சேச்சி என்றாள். அவசரமாகப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

பள்ளிக்கூட லீவு முடிகிற சமயம். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா கேட்டாள்.

"என்னடி, சாதத்தை அளைஞ்சிண்டே இருக்கே? கொஞ்ச நாளாவே நீ நீயா இல்லை. ஆபீஸ்ல ஏதானும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லேம்மா."

"ஒண்ணுமில்லாம யாரும் இப்படி இளைக்க மாட்டா. சொல்லு."

சொன்னேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து தொடங்கி, அந்த அம்மா ரோட்டில் நின்று கேட்டது வரைக்கும். அம்மா மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குழந்தையையா? நீ பள்ளிக்கூடத்துல சேத்தேன்னியே, அதையா?"

"ஆமாம்."

"பின்னே நீ ஏன் என்கிட்ட கேக்கலை?"

"கேட்டா நீ ஒத்துண்டிருப்பியா?"

"கேட்டாத்தானே தெரியும்? பின்கட்டு ரூம் சும்மாதானே கெடக்கு."

"உனக்கு மடி, ஆசாரம்..."

"அது என்னோட. அதுக்கும் குழந்தை படிக்கறதுக்கும் என்ன? தெருவுல நாலு பேர் நாலு சொல்லுவா, சொல்லட்டும்." அம்மா மோரை ஊற்றினாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீயே வேண்டாம்னு முடிவு பண்ணிண்டே. அதுக்கு என் பேரை வெச்சுண்டே."

இன்றைக்கு வரை எனக்குச் சந்தேகம் உண்டு. நேரத்தோடு கேட்டிருந்தால் அம்மா உண்மையிலேயே சரி என்றிருப்பாளா, அல்லது காரியம் கைவிட்டுப் போன பிறகு சொல்வது சுலபமாக இருந்ததா? கேட்காததால் அது எனக்குத் தெரியாமலே போயிற்று.

அந்த வாரக் கடைசியிலேயே போனேன். முதல் மழை வந்துவிட்டிருந்தது. மண்டபத்துக்குக் கூரை ஏறியிருந்தது. அந்த அம்மா உள்ளே தரை பூசுகிறவர்களுக்கு மணல் சலித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் போன உடனே சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

"அம்மா சரின்னுட்டா. கூட்டிண்டு போகத்தான் வந்தேன்."

அவள் சல்லடையைப் பிடித்தபடியே நின்றாள். "பிள்ளைய அவ அத்தை வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டால்லா. போன வாரந்தான்," என்றாள். "அங்கன பள்ளிக்கூடம் தொறந்துட்டாக. சேத்தாச்சு."

"எந்த கிளாஸ்ல?"

"ரெண்டுதான். தமிழ்ல எழுதச் சொன்னா மலையாளத்துல எழுதுதாளாம். மொதல்லருந்து படிக்கட்டும்னுட்டாக." லேசாகச் சிரித்தாள். "அங்க உள்ள பிள்ளைக இவள மலையாளத்தான்னு கூப்பிடுதுகளாம்."

"நான் முன்னாடியே கேட்டிருக்கணும். நான் கேக்கவே இல்லை. இப்பத்தான் கேட்டேன்."

இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வந்துவிட்டது. அவள் என்னை ஒரு கணம் நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு சல்லடையை ஒரு தட்டுத் தட்டிக் கல்லைக் கொட்டினாள்.

"நீங்க சொல்லுவியன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தோம். அவளும் ரெண்டு தடவ கேட்டா. பெறகு நாந்தான் சொன்னேன், அவுகளுக்கு எம்புட்டு வேலை இருக்கும், பெரிய வீடு, பத்து யோசனை இருக்கும்னு." சல்லடையில் மறுபடி மணலை அள்ளிப் போட்டாள். "விடுங்க. படிக்கத்தானே செய்யுதா. எங்க படிச்சா என்ன?"

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சாயா வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அத்தை இருக்கிற ஊர் எது என்று கேட்டேன். சங்கரன்கோவில் தாண்டி ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னாள். பெண்ணுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா என்றேன். "எல்லாம் இருக்கு டீச்சரம்மா," என்றாள். நான் டீச்சர் இல்லை, ஆபீசில் எழுதுகிறவள் என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அதனால் என்ன என்பது போலத் தலையை ஆட்டினாள். உள்ளேயிருந்து யாரோ மணல் கேட்டுக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு அது ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை. சங்கரன்கோவிலுக்குப் போக வேண்டும் என்று எத்தனையோ லீவு நாட்களில் நினைத்திருக்கிறேன். அம்மா இருந்தவரை அவ்வப்போது கேட்பாள்: "அந்தக் குழந்தை இப்போ எந்த கிளாஸ் இருக்கும்?" நான் மனதுக்குள் கணக்குப் போட்டுச் சொல்வேன். அம்மா ஒரு வகுப்பைக் கழித்துக்கொள்ளச் சொல்வாள்.

அந்த வருட அறிக்கை மழைக்காலத்தின் நடுவில் செனட்டுக்குப் போனது. நாங்கள் பின்வரிசையில், யாராவது சந்தேகம் கேட்டால் எடுத்துக் கொடுக்கக் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தோம். பென்ஷன் நிதியைப் பற்றி வழக்கமான சண்டை நடந்தது. ஒரு உறுப்பினர் எழுந்து, கணக்கு எப்படி இருந்தாலும் மாணவிகள் விடுதிக்காக நிர்வாகத்தைப் பாராட்ட வேண்டும் என்றார். கல்வியின் கதவு என்ற வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். மேஜைகளைத் தட்டினார்கள். செக்‌ஷன் ஆபீசர் திரும்பி என்னைப் பார்த்து, உன் வரி என்பது போலச் சிரித்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன்.